நம் அரிசிக்கு நெருங்கிய சீனம்

சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் சீனா இரண்டு நாடு. சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் ஆற்றையும் கோடாகப் போட்டு, அதற்கு வடக்கே கோதுமை, தெற்கே நெல் என்று பிரிப்பார்கள். வடக்கே மாவைப் பிசைந்து, இழுத்து, அறுத்துச் செய்கிற கோதுமை நூடுல்ஸ். தெற்கே குவாங்சி, யுன்னான், ஹுனான், குவாங்தோங் பகுதிகளில் விடிந்ததும் ஜனங்கள் போய் உட்காருவது அரிசி நூடுல்ஸ் சூப் கடையில். நமக்கு இட்லிக் கடை எப்படியோ அப்படி. வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சந்தைக்கு வந்த கிழவி என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

இந்தத் தெற்குச் சீனம்தான் நம் நாக்குக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் இருப்பது. நம் ஊருக்கு வந்து சேர்ந்ததோ வேறு. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழகமும் கர்நாடகமும் வந்து முட்டுகிற இடத்தில் இருக்கிறது ராமகுப்பம். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் சீமை. இங்கேயும் சரி, பக்கத்துக் குப்பத்திலும் வி.கோட்டாவிலும் சரி, பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டிகளில் இரும்புச் சட்டி சூடேறுகிறது. பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பையன்களும் கல்லூரி மாணவர்களும்தான் முக்கியமான வாடிக்கை. வேகவைத்து எண்ணெய் பூசிய மைதா நூடுல்ஸ், சோயா சாஸ், சில்லி சாஸ், அஜினோமோட்டோ, மேலே முட்டைக்கோஸ். கூடவே செக்கச்செவேலென்று கோபி மஞ்சூரியா. நம் பக்கத்தில் ‘சைனீஸ்’ என்றால் இவ்வளவுதான்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதற்குத் தடை போட்டது. சோதித்த மாதிரிகளில் பாதுகாப்பற்ற சாயங்கள் இருந்ததுதான் காரணம். எல்லைக்கு அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் அதே சட்டி என்பது எனக்கு உறுத்துகிறது. வண்டிக்காரர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பத்துக்குப் பத்து இடம்கூட இல்லாமல், ஒரு அடுப்பையும் ஒரு சட்டியையும் வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கிடைத்த சீனம் இதுதான். இன்னொரு சீனம் இருக்கிறது, அதற்கு வேண்டிய சரக்கு முழுதும் ராமகுப்பம் சந்தையிலேயே கிடைக்கும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது

அரிசி நூடுல்ஸ் சூப் கடையில் சமையல் என்று கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. வேலையெல்லாம் முந்தின இரவே முடிந்திருக்கும். பெரிய அண்டாவில் எலும்பு கொதித்துக்கொண்டிருக்கும். பன்றி எலும்பு, கோழி எலும்பு, கடலோர ஊரென்றால் மீன் தலை, மீன் முள். எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் போடுவார்கள். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீயைச் சிறிதாக வைத்தால் சூப் கண்ணாடி மாதிரி தெளியும். பெருந்தீயில் தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பும் சாறும் கலந்து பால் நிறமாகும். எந்தச் சூப் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தீதான். இஞ்சி, வெங்காயத்தாள், வெள்ளை மிளகு, பட்டை, அன்னாசிப்பூ சேர்ப்பார்கள். நாம் பிரியாணியில் போடுகிற அதே அன்னாசிப்பூ. உலகத்துக்கே அது பெருமளவில் விளைவது குவாங்சியில்தான்.

வாடிக்கையாளர் வந்து நின்றதும் நடப்பது ஒரு நிமிட வேலை. நீளக் கைப்பிடி போட்ட வலைக் கரண்டியில் ஒரு பிடி நூடுல்ஸ். அதைக் கொதிக்கும் வெந்நீரில் அமுக்கி, எடுத்து, இரண்டு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்ப்பார்கள். மேலே இறைச்சித் துண்டு அல்லது மீன் உருண்டை, ஒரு கொத்துக் கீரை. அதன்மேல் சூப். கடைசியாக எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த பூண்டு ஒரு சிட்டிகை, நறுக்கிய வெங்காயத்தாள். கிண்ணம் மேசைக்கு வரும்போது ஆவி பறக்கும்.

பிறகு நம் பங்கு. மேசைமேல் பச்சைமிளகாய் ஊறிய சோயா சாஸ், மிளகாய் எண்ணெய், காடி, உப்பிலிட்ட காராமணி, வறுத்த வேர்க்கடலை என்று கிண்ணிகள் இருக்கும். சமைத்தவர் உப்பையும் காரத்தையும் பாதியிலேயே நிறுத்தியிருப்பார். மீதியை உண்பவர் முடிக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே அண்டாச் சூப்பிலிருந்து குழந்தைக்குக் காரமில்லாத கிண்ணம், தாத்தாவுக்கு மிளகு தூக்கலான கிண்ணம், வாலிபனுக்குக் கண்ணில் நீர் வரவைக்கும் கிண்ணம் என்று எல்லாம் வந்துவிடுகிறது.

வலது கையில் குச்சி, இடது கையில் அகலமான பீங்கான் கரண்டி. குச்சியால் நூடுல்ஸை எடுத்துக் கரண்டியில் வைத்து, கொஞ்சம் சூப்போடு வாய்க்குள் அனுப்ப வேண்டும். உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குச்சி பிடிக்க வரவில்லையென்றால் முள்கரண்டி கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கூடாது: குச்சியைக் கிண்ணத்தில் நட்டு வைப்பது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி நடுவது அப்படித்தான், பக்கத்து மேசைப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். இன்னொன்று, பேச்சுக் கொடுத்துக்கொண்டு கிண்ணத்தை ஆறவிடக் கூடாது. அரிசி நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டே இருக்கும். கால்மணி நேரம் விட்டால் சூப் வற்றி நூடுல்ஸ் ஊதிப்போய்க் கிடக்கும்.

மாவு அறிந்த இரண்டு நாடுகள்

அரிசியை நூலாக்குவது எளிதல்ல. கோதுமையில் பசைப் புரதம் இருக்கிறது. பிசைந்தால் இழுபடும், இழுத்தால் அறாது. அரிசியில் அது கிடையாது. அரிசி மாவைப் பிசைந்து இழுத்தால் பொலபொலவென்று உதிரும். அதனால் மாவுச்சத்தை முதலில் வேகவைத்துப் பசையாக்கி, அந்தப் பசையின் பிடிப்பில்தான் நூல் நிற்க வேண்டும். அதற்கு அமைலோஸ் என்கிற மாவுச்சத்து கூடுதலாக உள்ள, வடித்தால் உதிரியாக நிற்கிற அரிசி வேண்டும். பழைய அரிசியாக இருந்தால் இன்னும் நல்லது. புது அரிசி குழையும், ஒட்டும்.

இது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்த கணக்கு. சேவைக்குப் புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, உருட்டி அல்லது இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நாழியில் போட்டுப் பிழிவார்கள். கொங்கு நாட்டுச் சந்தகையும் அதே முறை. கர்நாடகத்தின் ஒத்து சாவிகேயும் அதே. குவாங்சியிலும் யுன்னானிலும் ஊறவைத்து, அரைத்து, மாவைப் பாதி வேகவைத்து, துளைத் தட்டு வழியாகக் கொதிநீரில் பிழிகிறார்கள். யுன்னானில் அரிசியைச் சில நாள் புளிக்க வைத்துப் பிறகு அரைக்கிற வகையும் உண்டு. அந்த நூடுல்ஸில் மெல்லிய புளிப்பு ஏறியிருக்கும். குவாங்தோங் பக்கத்து அகல நூடுல்ஸ் வேறு வகை: அரைத்த மாவைத் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, உரித்தெடுத்து, பட்டை பட்டையாக அறுப்பார்கள்.

சாவிகே பிழியும் அச்சைப் பற்றி 1025-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ‘லோகோபகாரம்’ என்ற கன்னட நூலிலேயே குறிப்பு இருக்கிறது. சீனப் பக்கம் கதை இன்னும் பழையது. சிங்ஹாய் மாகாணத்தில் லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து கிடந்த மண் கிண்ணத்துக்குள் ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழைய நூடுல்ஸைத் தோண்டி எடுத்து, 2005-இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். சோதித்தபோது கிடைத்தது கோதுமை இல்லை, தினையும் பனிவரகும். நூடுல்ஸ் என்றால் மைதா என்று நினைத்திருக்கும் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

அரிசி நூடுல்ஸ் எப்படிப் பிறந்தது என்பதற்கு குய்லின் நகரத்தார் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் காலத்தில் லிங்சூ கால்வாய் வெட்ட வடக்கிலிருந்து படை வந்தது. கோதுமைக்கு ஏங்கிய வீரர்களுக்காகச் சமையல்காரர்கள் அரிசியையே நூலாகப் பிழிந்து கொடுத்தார்கள் என்பது கதை. கால்வாய் வெட்டியது உண்மை, கி.மு. 214-இல் முடிந்தது. மற்றது ஊர்ப் பெருமை. குய்லின் கடைகளில் உண்ணும் முறை தனி. முதலில் மசாலாச் சாறு ஊற்றிய நூடுல்ஸ் மட்டும், சூப் கிடையாது. வேர்க்கடலை, உப்பிலிட்ட காராமணி, மிளகாய் போட்டுப் பிசைந்து பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிட்டு, கடை மூலையில் இருக்கும் அண்டாவிலிருந்து நாமே சூப்பை மோந்து ஊற்றிக் கிண்ணத்தை அலசிக் குடிக்க வேண்டும்.

யுன்னானில் மெங்சி ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இன்னும் அழகு. ஏரி நடுவே தீவில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த கணவனுக்கு மனைவி பாலத்தைக் கடந்து சாப்பாடு கொண்டுபோவாள். போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். ஒருநாள் கோழிச் சூப்பின் மேல் கொழுப்பு ஆடையாகப் படிந்திருந்தபோது உள்ளே சூடு அப்படியே இருப்பதைக் கண்டாள். அதிலிருந்து சூப்பைத் தனியாக, நூடுல்ஸையும் காய்கறியையும் தனியாகக் கொண்டுபோய் அங்கே சேர்த்தாள். இன்றும் அந்தக் கடைகளில் கொழுப்பு மூடிய கொதிசூப் தனிக் கிண்ணமாக வருகிறது. கூட, காகிதம்போல் சீவிய பச்சை இறைச்சி, காடை முட்டை, கீரை, நூடுல்ஸ் தனித்தனித் தட்டுகளில். முதலில் இறைச்சி, பிறகு காய், கடைசியில் நூடுல்ஸ் என்று வரிசையாகப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் சூப் ஆறி இறைச்சி வேகாது. மேலே ஆவியே தெரியாததால், புதிதாக வருபவர்கள் சூடில்லை என்று நினைத்து நாக்கைச் சுட்டுக்கொள்வதுண்டு.

லியுசோ நகரத்து ஆற்று நத்தைச் சூப்பைப் பற்றி ஒரு வரி போதும்: ஊறவைத்த மூங்கில் குருத்தின் நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்கும், அப்படியிருந்தும் பொட்டலத்தில் அடைத்து உலகம் முழுக்க விற்கிறார்கள், 2021-இல் அதன் செய்முறை சீனாவின் தேசிய மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

தமிழன் உட்கார்ந்த மேசை

இந்தக் கிண்ணத்தோடு தமிழர்களுக்கு நூறாண்டுக்கு மேல் பழக்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்களுக்குப் பக்கத்திலேயே நாம் குடியிருந்தோம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நம்மவர் கடைத்தெருவிலிருந்து நாலு தெரு நடந்தால் குவே தியாவ் சூப் கடை. அகல அரிசி நூடுல்ஸ், தெளிந்த சூப், மீன் உருண்டை, வாத்துக்கறி, வறுத்த பூண்டு. அதே ஊரின் அசாம் லக்சா இன்னும் நமக்கு நெருக்கம்: கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பேற்றிக் கொதிக்கவைத்த குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெள்ளரி, அன்னாசிப்பழம், வெங்காயம், இறால் விழுது. புளி போட்ட மீன் குழம்பில் வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே இதைத் தன்னுடையது என்று சொல்லிவிடும். ஈப்போ பக்கம் போனால் கோழியை நார் நாராகப் பிய்த்துப் போட்ட வழுவழுப்பான ஹோர் ஃபன் என்ற அகல அரிசி நூடுல்ஸ். அந்த வழுவழுப்புக்குச் சுண்ணாம்புக் குன்றுகளின் தண்ணீர்தான் காரணம் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள்.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. அங்கே பீஹூன் என்ற மெல்லிய அரிசி நூடுல்ஸோடு மீன் சூப் விற்கும் கடையில் தமிழ்க் குடும்பங்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பேரங்காடியில் வேலை முடித்து வந்த அம்மா, பள்ளிச் சீருடையில் பிள்ளை, ஆளுக்கொரு கிண்ணம். கடைக்காரச் சீனப் பாட்டி ‘சூப்பா, டிரையா? பீஹூனா, குவே தியாவா? மிளகாய் வேண்டுமா?’ என்று மூன்றே கேள்வியில் வேலையை முடித்துவிடுவார். சில கடைகளில் சூப்பில் கெட்டிப்பால் ஒரு கரண்டி விடுவதுண்டு. விருப்பமில்லையென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேசைமேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். அதை நகர்த்தக் கூடாது.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேலே கிடப்பது மீன் என்பதால் கீழே இருக்கும் சூப்பும் மீன்தான் என்று நம்பக் கூடாது. பூண்டு வறுத்தது பன்றிக் கொழுப்பிலாக இருக்கலாம், அண்டாவில் பன்றி எலும்பு இருக்கலாம். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். சைவக்காரர்களுக்கும் வழி உண்டு. பௌத்த சைவக் கடைகள் அங்கே ஏராளம். சோயா முளை, காளான், முள்ளங்கி போட்டு இறக்கும் அவர்களது சூப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் இருக்கும் சீனர்கள் பலர் உண்டு, அன்று அந்தக் கடைகளில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

1962: இரண்டு இடப்பெயர்வுகள்

நம் நாட்டுக்குள் இந்தச் சூப் ஏன் பரவவில்லை? இதற்கு விடை தேடினால் சாப்பாட்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் அச்சிப்பூரில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சீனர்கள் குடியேறினார்கள். பின்னால் டிரெட்டி பஜாரும் டாங்ராவும் அவர்களது பேட்டைகளாயின. ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டார்கள், காலணி தைத்தார்கள். இன்னும் சிலர் தச்சு வேலை, பல் வைத்தியம், சாப்பாட்டுக் கடை. 1962 அக்டோபரில் இந்திய–சீனப் போர் மூண்டது. போரை ஒட்டி ஏறக்குறைய மூவாயிரம் சீன வம்சாவளியினரைக் கைதுசெய்து ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். வெளியே வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். டிரெட்டி பஜாரில் இன்றும் காலையில் மீன் உருண்டைச் சூப் விற்கிறார்கள், ஆனால் அது மிச்சம்தான். இருந்தது அதைவிடப் பெரிது. நாடு முழுக்கப் பரவியது, சீனர்கள் தங்களுக்காகச் சமைத்த சாப்பாடு இல்லை. இந்திய நாக்குக்காகச் செய்து கொடுத்தது. 1970-களின் நடுவில் மும்பையில் நெல்சன் வாங் சோளமாவில் கோழியைப் பொரித்து, பூண்டு, பச்சைமிளகாய், சோயா சாஸில் புரட்டிய சிக்கன் மஞ்சூரியன் அந்த வழியில் வந்தது. அது நல்ல கண்டுபிடிப்பு. அதன் வெற்றியில் எலும்புச் சூப் அண்டா காணாமல் போனதுதான் என் குறை.

அதே 1962-இல், மார்ச் மாதம், பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சம் இந்தியர்கள். ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். நெல் அறுத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், வட்டிக்கடை நடத்தியவர்கள் என்று அவர்களில் தமிழர் ஏராளம். திரும்பி வந்தபோது பெரும்பாலோர் கையில் காசு இல்லை. அவர்களுக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. இன்னும் சிலர் கால்நடையாகவே பர்மாவுக்குத் திரும்ப முயன்று, எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய அங்காள பரமேஸ்வரி கோயில் இன்றும் இருக்கிறது.

இப்படி வந்தவர்கள் கொண்டுவந்ததுதான் அத்தோவும் மொய்ங்காவும். சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில் சாயங்காலம் அந்த வண்டிகள் வரிசை கட்டும். அத்தோ கோதுமை நூடுல்ஸ், சூப் இல்லாதது: கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை போட்டுக் கையாலேயே பிசைந்து, பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். எல்லாரும் கேட்பது அதைத்தான். நான் சொல்லவந்தது மொய்ங்கா. மெல்லிய அரிசி நூடுல்ஸ், அதன்மேல் கெட்டியான சூப். பர்மாவில் அது கெளுத்தி மீனும் எலுமிச்சைப் புல்லும் வாழைத்தண்டும் போட்டுக் காய்ச்சியது. கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ கரைத்து விட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். சென்னைக்கு வந்ததும் பல வண்டிகளில் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு நின்றது. அரைச் சந்திரனாக வெட்டிய வாழைத்தண்டு மஞ்சள் சூப்பில் மிதக்கும். மேலே வறுத்த வெங்காயம், கொத்தமல்லி, பேஜோ. ‘முட்டை வைக்கட்டுமாண்ணே?’ என்று கேட்பார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த பூண்டும் வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்துத் தருவது தனி ருசி. சூப் தீர்ந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். அந்தக் கூச்சமே அங்கே கிடையாது.

மொய்ங்கா பர்மியச் சாப்பாடு, சீனம் இல்லை. ஆனால் யுன்னானிலிருந்து ஷான் மலைகள் வழியாக ஐராவதி வரை, அங்கிருந்து மலாயாவரை நீள்கிற அரிசி நூடுல்ஸ் நாட்டின் மேற்குக் கோடி அது. அகதிகளாய் வந்த தமிழர்கள் அந்தக் கோடியை வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினார்கள். சென்னையின் பெரிய ஓட்டல்கள் ‘ஓரியண்டல்’ என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குவதைவிட இந்த வண்டிகள் செய்தது பெரிய காரியம் என்பேன்.

ராமகுப்பத்தில் முடியுமா?

முடியும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நூடுல்ஸ்: பொட்டலத்தில் வரும் காய்ந்த அரிசிச் சேவை இப்போது சின்ன ஊர் மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தால் போதும். புதிதாகப் பிழிய விரும்பினால் சேவை நாழி இருக்கிறது, இட்லி அரிசி இருக்கிறது. கேழ்வரகுச் சேவையும் செய்யலாம். சங்கடி என்ற கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த சீமைக்கு அது இன்னும் பொருந்தும். லாஜியாக் கிண்ணத்தில் இருந்ததும் சிறுதானியம்தானே.

சூப்: இந்தப் பக்கத்தில் நாட்டுக்கோழிக்குப் பஞ்சமில்லை. கறிக்கடையில் எலும்பும் கழுத்தும் காலும் மலிவாகக் கிடைக்கும். அண்டாவை அடுப்பில் ஏற்றி நாலைந்து மணி நேரம் சிறுதீயில் விட்டால் நூறு கிண்ணத்துக்குச் சூப். சைவத்துக்கு வாழைத்தண்டு, முள்ளங்கி, காளான். காய்கறி பற்றிச் சொல்லவே வேண்டாம், வி.கோட்டா சந்தையிலிருந்து வெளிமாநிலங்களுக்கு லாரி லாரியாகப் போகிறது. எண்ணெய்ச் செலவு மைதா நூடுல்ஸில் ஆவதில் சிறு பங்குதான். அடுப்பு முழுத் தீயில் இரைய வேண்டாம்; புகையிலும் சூட்டிலும் நின்று சட்டியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போன வண்டிக்காரருக்கு அது சின்ன உதவியில்லை.

சாப்பிடுபவருக்கும் இதில் லாபம் உண்டு. மிகைப்படுத்த மாட்டேன்: அரிசி நூடுல்ஸும் மாவுச்சத்துதான், சர்க்கரை நோயாளிகள் அளவோடு சாப்பிட வேண்டும், சூப்பில் உப்பு கூடினால் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் சாயம் சேர்க்கத் தேவையே இல்லாத சாப்பாடு இது. எலும்புச் சாறு, கீரை, ஒரு முட்டை எல்லாம் ஒரே கிண்ணத்தில் வருகிறது. இரவு ரயிலில் களைத்து வந்து இறங்குகிற பையனுக்கு எண்ணெய் சொட்டும் தட்டைவிட இது நல்லது.

பழகாத சாப்பாட்டை ஊர் ஏற்குமா என்று சிலர் கேட்கலாம். குப்பத்துத் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெங்களூருக்குப் போய்வருகிறவர்கள் அங்கே திபெத்தியர் கடைத் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பையும் மணிப்பூர்க்காரர் கடைச் சூப்பையும் ருசித்திருக்கிறார்கள். அதற்கும் மேல், இடியாப்பத்தின் மீது ஆட்டுக்கால் பாயா ஊற்றிச் சாப்பிடுகிற ஜனங்கள் நாம். எலும்புச் சாற்றில் நனைந்த அரிசி நூலை இவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ராமகுப்பத்திலும் குப்பத்திலும் வண்டி போட்டிருக்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். இருக்கிற வியாபாரத்தை விட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாயங்காலமாக இருக்கட்டும், சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சூப் அண்டா வையுங்கள். சின்னக் கிண்ணமாக, சின்ன விலையில் கொடுங்கள். மிளகாய், எலுமிச்சை, வேர்க்கடலைக் கிண்ணிகளை மேசைமேல் வைத்துவிடுங்கள், மீதியைச் சாப்பிடுகிறவர் பார்த்துக்கொள்வார். வாசகர்களும் ஒன்று செய்யலாம்: அடுத்த முறை குப்பத்தில் ரயிலேறிச் சென்னை போகும்போது, சென்ட்ரலிலிருந்து கடற்கரை ரயில் நிலையத்துக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள். ஆறு மணிக்குமேல் போனால் வண்டிகள் இருக்கும். அத்தோவை மற்றவர்கள் கேட்கட்டும். நீங்கள் மொய்ங்கா கேளுங்கள்.